எந்தக் கார்டை முதலில் அடைப்பது?

இரண்டு கிரெடிட் கார்டு. ஒன்றில் கடன் மலைபோல, வட்டியும் அதிகம். இன்னொன்றில் கடன் கொஞ்சம், வட்டியும் கொஞ்சம் குறைவு. மாதாமாதம் கடனுக்கென்று ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு தொகை. இதை வைத்து எதை முதலில் அடைப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொடங்கி ராத்திரி வரை வாக்குவாதம் செய்திருக்கிறோம். சின்னதை முடித்துத் தலைமுழுகிவிடலாம், ஒரு தொல்லையாவது விடும் என்பது அவர் கட்சி. வட்டி அதிகமாக ஓடுகிற கார்டை விட்டுவிட்டு மற்றதைக் கட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்பது என் கட்சி. அன்றைக்கு யாரும் ஜெயிக்கவில்லை. மறுநாள் ஒரு நோட்டை எடுத்து, இரண்டு விதமாகவும் மாதம் மாதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், நாங்கள் மணிக்கணக்கில் சண்டை போட்ட விஷயம் மொத்தக் கணக்கில் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

அதே மாதிரி ஒரு கணக்கை இங்கே முழு எண்களில் போடுகிறேன், எந்த நாட்டுப் பணமாக வைத்துக்கொண்டாலும் சரி. பெரிய கார்டில் 1,00,000 நிலுவை, மாதம் 3% வட்டி. சின்ன கார்டில் 20,000 நிலுவை, மாதம் 2%. மாதம் 3% என்றால் வருஷத்துக்கு 36% என்று மனசு தானாகப் பெருக்கிவிடும், ஆனால் வட்டிக்கு வட்டி சேர்வதால் உண்மையில் 42 சதவீதத்தைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகை என்று ஸ்டேட்மென்ட்டில் கேட்பது நிலுவையில் 5% என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், ஒன்றுமே முடிவெடுக்காமல் கேட்கிற குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள், ஏனென்றால் நிறைய பேர் தெரியாமலே தேர்ந்தெடுத்திருக்கும் வழி இதுதான், நாங்களும் ஒன்றரை வருஷம் இதில்தான் இருந்தோம். பெரிய கார்டுக்கு முதல் மாதம் 5,150 கட்டுவீர்கள். நிலுவை குறையக் குறைய கேட்கிற தொகையும் குறையும், அது நமக்கு ஏதோ சலுகை மாதிரித் தெரியும். ஒரு வருஷம் தவறாமல் கட்டி முடித்த பிறகு கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 55,000 கட்டியிருப்பீர்கள், கடன் குறைந்திருப்பது வெறும் 23,000. மீதி 32,000 வட்டிக்குப் போயிற்று. கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும். அதுவும் இடையில் அந்தக் கார்டைத் தேய்க்காமல் இருந்தால்!

அந்தக் குறைந்தபட்ச எண்ணுக்கு ஒரு வசியம் உண்டு. 2009இல் நீல் ஸ்டூவர்ட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரே பில்லை இரண்டு குழுவிடம் கொடுத்தார், ஒரு குழுவின் பில்லில் குறைந்தபட்சத் தொகை அச்சிட்டிருந்தது, இன்னொன்றில் இல்லை. முழுதாகக் கட்ட நினைத்தவர்கள் எப்படியும் முழுதாகத்தான் கட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட நினைத்தவர்களில், அந்த எண்ணைப் பார்த்தவர்கள்தான் கணிசமாகக் குறைவாகக் கட்டினார்கள். எங்கள் வீட்டில் ஆட்டோ டெபிட்டில் குறைந்தபட்சத் தொகை என்று இருந்ததை மாற்றி, நாங்களே தீர்மானித்த ஒரு நிலையான தொகையைப் போட்ட நாளில்தான் கடன் நிஜமாகவே இறங்க ஆரம்பித்தது.

சரி, சண்டைக்கு வருவோம். இரண்டு கார்டுக்கும் சேர்த்து மாதம் 10,000 என்று வைத்துக்கொண்டு என் கட்சிப்படி போனால், சின்ன கார்டுக்குக் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவிட்டு மிச்சம் முழுவதும் பெரிய கார்டுக்குப் போகும். 15ஆவது மாதம் இரண்டும் முடியும், மொத்த வட்டி சுமார் 28,000. அவர் கட்சிப்படி சின்னதை முதலில் அடைத்தால் 15 மாதம் முடிந்தும் ஒரு 190 மட்டும் பாக்கி நின்று அடுத்த மாதத்துக்குத் தாவும், மொத்த வட்டி சுமார் 30,200. வித்தியாசம் 2,200 சொச்சம். கணக்கில் நான்தான் ஜெயித்தேன், மறுக்க முடியாது. ஆனால் 1,20,000 கடனில், பதினைந்து மாதத்தில், 2,200.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அவர் வழியில் முதல் கார்டு ஐந்தாவது மாதமே முடிந்துவிடுகிறது. என் வழியில் முதல் கார்டு முடிய 14ஆவது மாதம் ஆகிறது. பதின்மூன்று மாதம் ஒரு கடனும் தீராமல், இரண்டு ஸ்டேட்மென்ட்டும் வந்துகொண்டே இருக்க, வெளிச்சாப்பாடு வேண்டாம், புது போன் வேண்டாம் என்று வீட்டில் எல்லோரையும் பிடித்து வைப்பது லேசான காரியம் கிடையாது. 2012இல் டேவிட் கால், பிளேக் மெக்ஷேன் என்ற இருவர், கடனை அடைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு பணம் கட்டினார்கள் என்பதைவிட, எத்தனை கணக்குகளை மூடினார்கள் என்பதுதான் கடைசிவரை தாக்குப்பிடித்துக் கடனை முடிப்பார்களா என்று முன்கூட்டிச் சொன்னது. இதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், இது வட்டி வித்தியாசத்தையும் தொகை வித்தியாசத்தையும் பொறுத்தது. சின்ன கடனுக்கு மாதம் 1% வட்டியும் பெரிய கடனுக்கு 3.5 சதவீதமும் என்றாலோ, ஐந்தாறு கடன்கள் இருந்து வட்டி அதிகமானது வரிசையில் கடைசியில் நின்றாலோ, சின்னதை முதலில் முடிக்கும் வழி நிறையவே செலவு வைக்கும். கார்டுகளின் வட்டி ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சின்னதை முதலில் முடியுங்கள். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதில் இரண்டு வழியின் பலனும் முழுசாகக் கிடைக்காது: கடன் எவ்வளவோ அந்த விகிதத்தில் எல்லாக் கார்டுக்கும் பிரித்துக் கட்டுவது. நியாயமாகத் தெரியும். பிரிட்டன் கார்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு கார்டு வைத்திருப்பவர்களில் பலர் வட்டியையே பார்க்காமல் இப்படித்தான் நிலுவையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. இதில் என் வழியளவுக்கு வட்டியும் மிச்சமாகாது, அவர் வழி மாதிரி ஒரு கார்டும் சீக்கிரம் மூடாது.

இப்போது அதே கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறேன். மாதம் 10,000க்குப் பதில் 12,000. வட்டி அதிகமானதை முதலில் கட்டினால் 12 மாதத்தில் எல்லாம் முடிகிறது, வட்டி சுமார் 22,400. சின்னதை முதலில் கட்டினால்கூட சுமார் 24,200தான், மாதம் 10,000 வீதம் சரியான வரிசையில் கட்டினால் வரும் 28,000த்தைவிடக் குறைவு. அதாவது வீட்டுச் செலவில் மாதம் 2,000 குறைப்பது, வரிசையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதைப்போல இரண்டரை மடங்கு வேலை செய்கிறது. நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டிருக்க வேண்டியது இந்த 2,000 எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு.

அதற்கும் இரண்டு மூன்று வழி இருக்கிறது, இங்கேதான் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். தினசரிச் சின்னச் செலவுகளை வெட்டு என்பார்கள் சிலர். முடியும், ஆனால் தினமும் முடிவெடுக்க வேண்டும், தினமும் கொஞ்சம் மனசு சுருங்கும், ஒரு நாள் அலுத்துப்போய் மூன்று நாள் மிச்சத்தை ஒரே மாலையில் விட்டுவிடுவோம். எனக்கு இது ஒத்துவரவில்லை. இரண்டாவது, மாதாமாதம் தானாகப் போகிற செலவுகளை வெட்டுவது: சப்ஸ்கிரிப்ஷன், போன் பிளான், இன்டர்நெட், காப்பீட்டுத் தவணை, ஓடாத இரண்டாவது வண்டி, முடிந்தால் வாடகை. இதில் ஒரு தடவை முடிவெடுத்தால் போதும், அப்புறம் ஒவ்வொரு மாதமும் அது தானாகவே மிச்சமாகிக்கொண்டே இருக்கும். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து, மீண்டும் மீண்டும் வருகிற பெயர்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். பதினோரு வட்டம். அதில் ஒன்று பையன் ஏழாம் வகுப்பில் பயன்படுத்திய ஒரு செயலி, அவன் அப்போது ஒன்பதாவது. இன்னொன்று அந்தக் கார்டுக்கே போட்டிருந்த ஒரு காப்பீடு, கார்டு வாங்கியபோது போனில் யாரோ கேட்டதற்குச் சரி சரி என்று சொல்லியிருக்கிறேன் போல. அந்த ஒரு தாளிலிருந்தே எங்களுக்குத் தேவைப்பட்டதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

மூன்றாவது வகையை யாரும் செலவுக் குறைப்பு என்றே சொல்வதில்லை, ஆனால் எங்கள் கடன் வளர்ந்ததே அதனால்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வருகிற செலவுகள். பள்ளிக் கட்டணம், வண்டிக் காப்பீடு, பல் வைத்தியம், வீட்டில் ஒரு விசேஷம், பழுதான வாஷிங் மெஷின். மாத பட்ஜெட்டில் இவை இருக்கவே இருக்காது. வரும்போது "இந்த மாதம் மட்டும்" என்று கார்டைத் தேய்ப்போம். வருஷத்தில் எத்தனை மாதம் "இந்த மாதம் மட்டும்" என்று எண்ணிப் பார்த்தேன், எட்டு. அந்த எட்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடாவிட்டால், இந்தப் பக்கம் எவ்வளவு அடைத்தாலும் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கடன் இருக்கும்போது இதற்கு வேறு பணம் ஒதுக்குவதா என்று முதலில் எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் இதைச் செய்த பிறகு கார்டை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை என்பதே உண்மை.

கார்டை எடுப்பது பற்றிச் சொன்னேன் இல்லையா, இதில் பலருக்குத் தெரியாத ஒரு கொக்கி இருக்கிறது. வட்டியில்லாத நாட்கள் என்று கார்டில் சொல்வார்களே, அது முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவர்களுக்குத்தான். பழைய நிலுவை இருக்கும்போது வாங்குகிற புதுப் பொருளுக்குப் பெரும்பாலான கார்டுகளில் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணமாக எடுத்தால் நிலுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றிலிருந்தே வட்டி, மேலே கட்டணமும். ஆகவே கடனை அடைத்துக்கொண்டே மளிகையை மட்டும் பாயின்ட்டுக்காகக் கார்டில் வாங்குவது என்பது, ஒரு சதவீதப் பாயின்ட்டுக்காக மாதம் மூன்று சதவீதம் கொடுப்பது. இன்னொன்று, கார்டில் கை தாராளமாகிவிடும் என்பது வெறும் பேச்சில்லை. 2001இல் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்க வைத்தார்கள். ரொக்கமாகத் தரவேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள். நாங்கள் கார்டுகளை ஒரு உறையில் போட்டு ஒட்டி அலமாரி மேல்தட்டில் வைத்தோம். ஆனால் அதைவிடப் பலன் தந்தது, வாங்கும் செயலிகளில் எல்லாம் சேமித்து வைத்திருந்த கார்டு எண்ணை அழித்தது. பதினாறு எண்ணைத் தேடி எடுத்து அடிக்கிற நேரத்தில் பாதி ஆசை போய்விடுகிறது.

செலவைக் குறைத்தாயிற்று, வரிசையும் முடிவாயிற்று. வட்டியையே குறைக்க முடியாதா? முடியும், இதுதான் மூன்றிலும் பெரிய ஆயுதம், ஆபத்தானதும் இதுதான்.

பர்சனல் லோன் எடுத்து இரண்டு கார்டையும் ஒரேயடியாக அடைப்பது ஒரு வழி. வருஷம் 15% வட்டிக்குக் கிடைத்தால், அதே 1,20,000க்கு மாதம் 10,000 கட்டி 13 மாதம் போல ஆகும், வட்டி 11,000க்குள். ப்ராசசிங் ஃபீயாக 2% போனாலும் 13,000 சொச்சத்தில் முடிந்துவிடும். கார்டிலேயே வைத்து அடைத்தால் 28,000. பாதிக்கும் குறைவு, வரிசைச் சண்டைக்கே இடமில்லை. ஆனால் லோன் தருகிறவர் சொல்கிற வட்டி எந்த வகை என்று கேளுங்கள். ஃபிளாட் 10% என்றால் காதுக்கு இனிமையாக இருக்கும், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசிவரை முழுத்தொகைக்கே வட்டி என்பதால், ஒரு வருஷக் கடனுக்கு அது கிட்டத்தட்ட 18 சதவீதத்துக்குச் சமம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து வேறு இடத்தில். லோன் வந்த அன்றே இரண்டு கார்டும் பூஜ்யமாகிவிடும், லிமிட் முழுதாகக் காலியாகப் பளபளவென்று நிற்கும். செலவுப் பழக்கம் மாறாமல் இதைச் செய்த ஒரு உறவுக்காரர், ஒரு வருஷத்தில் லோன் தவணையும் கட்டிக்கொண்டு, பழையபடி நிறைந்த கார்டையும் கட்டிக்கொண்டு இருந்தார். அதனால் என் அபிப்பிராயம் இதுதான்: மூன்று மாதம் புதுச் செலவு ஒன்றும் கார்டில் போடாமல் இருந்து காட்டிவிட்டு அப்புறம் லோனுக்குப் போங்கள். அந்த மூன்று மாதத்துக்குக் கூடுதலாகப் போகிற வட்டியை ட்யூஷன் ஃபீஸ் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் இரண்டாவது வழி, அதாவது நிலுவையை வேறொரு கார்டுக்கு மாற்றி, சில மாதம் வட்டியே இல்லாமலோ குறைந்த வட்டியிலோ கட்டுவது. கட்டணம் 3% என்றால், அது இப்போது நீங்கள் கட்டும் ஒரு மாத வட்டிக்குத்தான் சமம், ஆகவே லாபம்தான். ஆனால் சலுகைக் காலத்துக்குள் முடிக்க முடிகிற தொகையை மட்டும் மாற்றுங்கள். ஆறு மாதச் சலுகை, மாதம் 10,000 கட்ட முடியும் என்றால் 60,000க்குள். அதற்கு மேல் மாற்றினால், மிச்சம் நிற்கிற தொகைக்கு ஏழாவது மாதம் பழைய வட்டி மறுபடி ஆரம்பிக்கும். கார்டு கடனையே இஎம்ஐ ஆக்குவதும் கிட்டத்தட்ட இதே ரகம். வட்டி குறைந்தால் செய்யுங்கள், தவணை குறைகிறது என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள், காலம் நீண்டால் தவணை குறையத்தான் செய்யும்.

சேமிப்பை உடைப்பதா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வைப்புப் பணத்துக்கு வருஷம் ஆறேழு சதவீதம் வருகிறது, கார்டுக்கு நாற்பதுக்கு மேல் போகிறது. ஒரு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் கையிருப்பாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கார்டில் போட்டோம். முழுவதையும் துடைத்துப் போடாததற்குக் காரணம், அடுத்த வாரமே ஏதாவது பழுதானால் மறுபடி கார்டுதான். நிரந்தர வருமானம் இல்லாதவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தவணை கட்டவே முடியாத நிலை என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தவறுவதற்கு முன்னாலேயே வங்கியைக் கூப்பிட்டு வட்டியைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ கேளுங்கள். சும்மா கேட்டாலே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், எனக்கு முதல் இரண்டு தடவை ஒப்புக்கொள்ளவில்லை, மூன்றாவது தடவை எடுத்தவர் கேட்டார், கொஞ்சம் குறைந்தது. பாதித் தொகை கொடுத்தால் செட்டில் செய்துவிடலாம் என்று அழைப்பு வந்தால் அது கடைசிக் கதவு. கடன் ரிப்போர்ட்டில் முழுதாக அடைத்தது என்று பதிவாகாமல் செட்டில் ஆனது என்று பதிவாகி, அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது பல வருஷம் கழித்தும் முன்னால் வந்து நிற்கும்.

நாங்கள் கடைசியில் என்ன செய்தோம் என்று கேட்டால், சின்ன கார்டை முதலில் முடித்தோம், அவர் கட்சி. அதற்குப் பிறகு பெரிய கார்டில் மிச்சமிருந்ததை லோனுக்கு மாற்றினோம், அது என் கட்சி. சின்ன கார்டை முழுதாகக் கட்டி, கத்திரிக்கோலால் வெட்டி, அந்தத் துண்டுகளைப் பையன் கையில் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னார். அடுத்த மாதம் அதே கார்டுக்கு ஒரு ஸ்டேட்மென்ட் வந்தது. பில் போட்ட நாளுக்கும் நாங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி, சில நூறு. பார்க்காமல் விட்டிருந்தால் அதற்கு லேட் ஃபீ ஏறியிருக்கும். அதையும் கட்டி, அதற்கடுத்த பில் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, மூடியதற்கான கடிதத்தையும் வாங்கி வைத்தோம்.